உப்பு மேல் ஆசை என்றால் நேட்ரம் மூர் தானா?

கேள்வி: எனக்கு வயது 34. சின்ன வயதிலிருந்தே உப்பு என்றால் உயிர். பால் பிடிக்கவே பிடிக்காது. உப்பு ஆசை உள்ளவர்கள் 'நேட்ரம் மூர்' என்ற ஹோமியோபதி மருந்துக்கு உரிய உடல்வாகு என்று படித்தேன். நானே வாங்கிச் சாப்பிடலாமா? ஐந்தாறு மாதமாக ஐஸ் கட்டியைக் கடித்து மெல்லும் பழக்கம் வந்திருக்கிறது. அதுவும் இந்த உடல்வாகில் சேருமா?

பதில்: போகிறபோக்கில் கடைசியாகச் சொன்னீர்களே, அந்த ஐஸ் கட்டியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உப்பு ஆசை உங்களோடு வளர்ந்தது. ஐஸ் ஆசை புதிதாக வந்தது. புதிதாக முளைக்கும் ஆசையை உடல்வாகில் சேர்க்கக் கூடாது. உடம்பில் என்ன மாறியது என்று பார்க்க வேண்டும். ஐஸ், சாக்பீஸ், மண் போன்றவற்றைத் தின்னத் தோன்றுவது இரும்புச் சத்துக் குறைவில் அடிக்கடி வருவது. மாதவிடாயில் அதிகம் ரத்தம் போகிறவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்தக் குறைவு சகஜம். இந்த வாரமே ரத்தத்தில் ஹீமோகுளோபினும், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் குறைந்திருக்கலாம் என்பதால் இரண்டுமே வேண்டும். குறைவு இருந்தால் இரும்புச் சத்து மாத்திரைதான் அதை நிரப்பும். ஹோமியோபதி மருந்து நிரப்பாது.

சரி, உப்புக்கு வருவோம். ஹோமியோபதி மருத்துவர் கென்ட்டின் ரெப்பர்டரியில், அதாவது எந்த நோய்க்குறிக்கு எந்த மருந்து என்று காட்டும் அகராதியில், ஒவ்வொரு குறிக்கும் நேராக மருந்துகளை மூன்று விதமான எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். தடித்த எழுத்துக்கு 3 மதிப்பெண், சாய்வெழுத்துக்கு 2, சாதாரண எழுத்துக்கு 1. உப்பு ஆசைக்குக் கீழே நேட்ரம் மூர் தடித்த எழுத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் பாஸ்பரஸும் வெராட்ரம் ஆல்பமும் அதே தடித்த எழுத்தில் பக்கத்திலேயே நிற்கின்றன. மருந்துகளின் குணங்களை விவரிக்கும் மெட்டீரியா மெடிக்கா நூல் வரைகிற நேட்ரம் மூர் மனிதர் துக்கத்தை உள்ளேயே வைத்துக்கொள்பவர், யாராவது ஆறுதல் சொன்னால் இன்னும் நொந்துபோகிறவர், வெயிலில் தலைவலி வருபவர். பாஸ்பரஸ்காரரோ ஆள் துணை தேடுவார், சில்லென்ற தண்ணீர் கேட்பார், இடிக்குப் பயப்படுவார். இருவரும் கேட்பது உப்புதான். உப்பை மட்டும் வைத்து எப்படிப் பிரிப்பீர்கள்?

இன்னொன்று, ஆசை எவ்வளவு பலமானது என்பது. 'உப்பு பிடிக்குமா?' என்று கேட்டால் பெரும்பாலோர் ஆமாம் என்பார்கள். அதனால் நான் அப்படிக் கேட்பதில்லை. சாப்பிடும்போது உப்பு டப்பா யார் கைக்குப் பக்கத்தில் இருக்கும், ருசி பார்த்த பிறகு தூவுவீர்களா அல்லது பார்க்காமலேயேவா, வெறும் உப்பை நாக்கில் வைத்ததுண்டா என்று கேட்பேன். ருசி பார்க்காமலேயே கை தானாக டப்பாவுக்குப் போனால்தான் அதைக் குறியாக எழுதுவேன்.

பால் விஷயத்திலும் ஒரு பிரிவினை உண்டு. வாசனையே ஆகவில்லையா? அது வெறுப்பு. குடித்தால் வயிறு உப்பி வயிற்றுப்போக்கு வருகிறதா? அது ஒத்துக்கொள்ளாமை. ரெப்பர்டரியில் இவை வேறு வேறு இடத்தில் இருக்கின்றன. இரண்டாவது என்றால், பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காததாகவும் இருக்கலாம்.

உப்பு ஆசையோடு ஓயாத களைப்பு, எடை குறைதல், எழுந்தால் தலைசுற்றல், தோல் கருத்துப்போதல் இவையும் இருந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். அட்ரினல் சுரப்பி குறைவாக வேலை செய்தால் உடம்பு சோடியத்தை இழந்து உப்பைத் தேடும். அப்படி எதுவும் இல்லாவிட்டாலும் நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அளவு உங்களுக்கும் பொருந்தும். ரத்த அழுத்தத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நானே வாங்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆய்வுகளை அலசிவிட்டு 2015இல், ஹோமியோபதி பலன் தரும் என்பதற்கு எந்த நோயிலும் நம்பகமான சான்று இல்லை என்றது. நான் இந்த முறையில்தான் வேலை செய்கிறேன். ஆனாலும் இதை மறைத்து உங்களுக்கு ஆலோசனை சொல்ல மாட்டேன். பரிசோதனையைத் தள்ளிப்போட இந்த மருந்து ஒரு காரணமாகிவிடக் கூடாது.

ரத்தத்தில் இரும்பு குறைந்திருந்து மாத்திரை தொடங்கினால், ஐஸ் ஆசை பெரும்பாலும் சில வாரங்களிலேயே அடங்கிவிடும். அது எப்போது நின்றது, உப்பு ஆசை அப்படியே இருக்கிறதா என்று தேதியோடு குறித்து வையுங்கள். அப்புறமும் உடல்வாகு பற்றிப் பேச விரும்பினால், அந்தக் குறிப்போடும் பரிசோதனைச் சீட்டோடும் தகுதி பெற்ற ஹோமியோபதி மருத்துவரிடம் போங்கள்.