வேளச்சேரி ஃபிளாட்: பிரிந்த பிறகு பங்கு

சகோதரி, துணைவரோடு சேர்ந்து கடனில் வாங்கிய வேளச்சேரி ஃபிளாட்டை, பிரிந்த பிறகு குடும்பநல நீதிமன்றத்தில் பங்கு பிரிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். உங்களுக்குக் கல்யாணம் ஆகாததால் அந்த நீதிமன்றத்துக்கு இதில் வேலையே இல்லை. இருவரும் கூட்டு உரிமையாளர்கள், அவ்வளவுதான்.

முதலில் கிரயப் பத்திரத்தைப் பாருங்கள். பங்கு எவ்வளவு என்று எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 45ஆம் பிரிவின்படி, யார் எவ்வளவு பணம் போட்டார்களோ அந்த விகிதம். நிரூபிக்க முடியாவிட்டால் சரிபாதி. அதனால் முன்பணமும் இஎம்ஐயும் போன வங்கி ஸ்டேட்மென்ட்களை இப்போதே எடுத்து வையுங்கள்.

வீட்டை நீங்களே வைத்துக்கொள்வதானால் பத்திரத்துக்கு முன் வங்கி. அவர் பெயரைக் கடனிலிருந்து நீக்க, உங்கள் சம்பளம் மட்டும் போதுமா என்று பார்ப்பார்கள். இதை விட்டுவிட்டுப் பங்கை மட்டும் எழுதி வாங்கினால் முழுக் கடனுக்கும் அவரும் பொறுப்பாகவே நிற்பார். சண்டை அங்கேதான் மறுபடி வெடிக்கும்.

20 ரூபாய் பத்திரத்தாளில் எழுதிக்கொள்வது செல்லாது, பதிவு கட்டாயம். ஒருவர் தன் பங்கை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் குடும்பத்தினருக்கு உள்ள சலுகையும் உங்களுக்குக் கிடைக்காது. கிரயமாக எழுதினால் முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. வீடு 80 லட்சம், கடன் பாக்கி 30 லட்சம், சரிபாதி என்றால் அவர் கைக்கு 25 லட்சம். ஆனால் தீர்வையும் கட்டணமும் கடனைக் கழிக்காமல் வீட்டின் பாதி மதிப்பான 40 லட்சத்துக்கு: மொத்தம் 3.6 லட்சம். இதை யார் கட்டுவது என்று முன்பே பேசிவிடுங்கள்.

அவர் ஒத்துவராவிட்டால் சிவில் நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்கு. ஃபிளாட்டை வெட்டிப் பிரிக்க முடியாது. பாதிக்குக் குறையாத பங்குள்ளவர் கேட்டால் விற்றுப் பணத்தைப் பிரிக்க உத்தரவிடலாம். வருடக்கணக்கில் இழுக்கும், அதனால் முதலில் சமரசத்துக்கு முயலுங்கள்.