வெள்ளிக்கிழமை வேகம்: வாசகர் கேள்வி–பதில்

தேவகோட்டை வாசகர்: ஃபார்முலா 1-இல் வெள்ளிக்கிழமை நடந்த இரண்டாவது பிராக்டிஸில் (பயிற்சி ஓட்டம்) முதலிடம் வந்த கார் ரேஸில் ஆறாவதாக முடித்தது. எப்படி?

வெள்ளிக்கிழமை முதலிடத்துக்குப் புள்ளி கிடையாது. டேங்கில் எவ்வளவு எரிபொருள் இருந்தது என்பது அந்த டீமுக்கு மட்டும்தான் தெரியும். 10 கிலோ கூடினால் சுற்றுக்கு ஏறக்குறைய 0.3 வினாடி போய்விடும். இரு கார்களுக்கு நடுவே 30 கிலோ வித்தியாசம் என்றால் ஏறக்குறைய ஒரு வினாடி அதிலேயே கரைந்துவிடும். இஞ்சினையும் வெள்ளிக்கிழமை பலர் முழுதாகத் திறப்பதில்லை.

கானாடுகாத்தான் வாசகர்: அபுதாபியில் எந்த பிராக்டிஸை நம்புவது?

இரண்டாவதை. முதலும் மூன்றாவதும் வெளிச்சம் இருக்கும்போதே நடப்பவை, தரை சூடாக இருக்கும். குவாலிஃபையிங்கும் (ரேஸில் புறப்படும் வரிசையை முடிவுசெய்யும் ஓட்டம்) ரேஸும் நடக்கும் நேரத்தோடு ஒத்துப்போவது இரண்டாவதுதான்.

காரைக்குடி, பொறியியல் மாணவர்: அண்ணே, இரண்டு டீமின் லாங் ரன் (பிராக்டிஸில் தொடர்ந்து பல சுற்று ஓடுவது) சராசரியை எக்செலில் போட்டேன். ஒரு டீம் 0.4 வினாடி வேகம். நண்பர்களிடம் பந்தயம் கட்டலாமா?

கட்டாதீர்கள் தம்பி. வாரத்துக்கு நாலு கடிதமாவது இப்படி வருகிறது. எத்தனை சுற்று ஓடினார்கள்? எழுதவில்லை. சாஃப்ட் டயரா, மீடியம் டயரா? எழுதவில்லை. அது புதியதா, ஏற்கெனவே ஓடியதா? அதுவும் இல்லை. பற்று வரவைப் பார்க்காமல் ஐந்தொகை எழுதுகிற வேலை இது. கணக்குக்குப் பேர்போன நம் ஊரில் பிறந்துகொண்டு இப்படிச் செய்யலாமா?

முதலில், கராஜிலிருந்து வெளியே வரும் சுற்று, திரும்ப உள்ளே போகும் சுற்று, பேட்டரி சார்ஜ் ஏற்றும் சுற்று, முன்னால் வேறு கார் மறித்த சுற்று, இத்தனையையும் தூக்குங்கள். கடைசிச் சுற்றுகள் மெதுவாக இருக்கின்றன என்பதற்காக அவற்றையும் தூக்கிவிடாதீர்கள். டயர் தீர்ந்துபோனதை அவைதான் சொல்கின்றன. ஒருவர் 6 சுற்று, இன்னொருவர் 14 சுற்று ஓடியிருந்தால் முதல் 6 சுற்றை மட்டும் ஒப்பிடுங்கள்.

அப்புறம் எரிபொருள். 2025 விதிப்படி ரேஸுக்கு அதிகபட்சம் 110 கிலோவாக இருந்தது. பஹ்ரைனில் 57 சுற்று, அதாவது சுற்றுக்கு 2 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. எடை குறைவதாலேயே கார் ஒவ்வொரு சுற்றிலும் 0.06 வினாடி வேகமாக வேண்டும். பத்துச் சுற்றுக்கும் ஒரே நேரம் வந்தால் ‘டயர் தேயவே இல்லை’ என்று எழுதிவிடுகிறீர்கள். உண்மையில் டயர் அரை வினாடிக்கு மேல் இழந்திருக்கிறது, எரிபொருள் அதை மறைத்துவிட்டது.

என்னைக் கேட்டால் சராசரியைவிட, டயர் தேயத் தேய சுற்று நேரம் எப்படி ஏறுகிறது என்பதை நம்புவேன். ஆரம்பத்தில் டேங்கில் எவ்வளவு இருந்தது என்று நமக்குத் தெரியாது, அது சராசரியை நேராகக் கெடுத்துவிடும். நேரம் சுற்றுக்குச் சுற்று எவ்வளவு ஏறுகிறது என்பதை அந்தளவு கெடுக்காது. ஒரே டயரில் ஒருவருக்குச் சுற்றுக்கு 0.05 ஏறுகிறது, இன்னொருவருக்கு 0.12 ஏறுகிறது என்றால், அதைப் பற்றிப் பேசலாம். அப்போதும் பந்தயம் வேண்டாம்.

பள்ளத்தூர் வாசகர்: மூன்று செக்டாரிலும் (ட்ராக்கை மூன்றாகப் பிரித்த பகுதிகள்) சிறந்த நேரத்தைக் கூட்டினால் காரின் உண்மையான வேகம் வந்துவிடுமா?

வராது. முதல் செக்டாரில் டயரைப் பிழிந்தவருக்கு மூன்றாவதில் பிடிப்பு இருக்காது. வெவ்வேறு சுற்றில் எடுத்த மூன்று நேரங்களும் ஒரே சுற்றில் சேர்வது அபூர்வம்.

பொன்னமராவதி வாசகர்: இத்தாலியின் மோன்சா ட்ராக்கில் சின்ன டீம் திடீரென்று மேலே வந்தது. புது இறக்கையா?

முன்னால் போன காரின் காற்று மறைவு கிடைத்திருக்கும். அங்கே அதற்கே வினாடியில் பத்தில் சில பங்கு மிச்சமாகும். டேங்கும் காலியாக இருந்திருக்கலாம்.

கோட்டையூர் வாசகர்: சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்குக்குப் போகிறேன். ஸ்டாப்வாட்ச் போதுமா?

பொழுதுபோக்குக்குப் போதும். கை அழுத்துவதில் 0.1, 0.2 வினாடி முன்பின் ஆகும், நீங்கள் தேடும் வித்தியாசமே சில சமயம் அவ்வளவுதான். டைமிங் பட்டியல் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். காலை நேரத்தையும் மதிய வெயில் நேரத்தையும் மட்டும் கலக்காதீர்கள்.

புதுவயல் வாசகர்: டைமிங் பட்டியலின் படம் இணைத்துள்ளேன். எந்த கார் வேகம்?

படத்தில் பெயரும் நேரமும் மட்டும்தான் இருக்கின்றன. டயர் நிறம் (சாஃப்டுக்குச் சிவப்பு, மீடியத்துக்கு மஞ்சள், ஹார்டுக்கு வெள்ளை), எத்தனையாவது சுற்று, எத்தனை மணிக்கு ஓடியது, மூன்றும் தெரியும்படி மறுபடி அனுப்புங்கள்.