வாசகர் கேள்வி: நின்றுபோன முழங்கால் ஒப்பரேஷனை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: அம்மாவுக்கு 66 வயது. 2020 பெப்ரவரியில் இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது, வலது காலில் மூட்டு மாற்ற வேண்டும் என்று சொல்லி பெயரைப் பதிந்தார்கள். அடுத்த மாதமே கொரோனா ஊரடங்கு, கிளினிக் நின்றது. மறுகா பெற்றோல் இல்லை, மருந்து இல்லை. நாங்களும் விட்டுவிட்டோம். இப்போது கதிரையிலிருந்து எழும்ப ஆள் பிடிக்க வேண்டும். "இவ்வளவு காலம் போகாமல் இருந்திட்டு எந்த முகத்தோட போறது, ஏசுவாங்க" என்கிறார். பழைய கிளினிக் கொப்பி இருக்கிறது. அது செல்லுமா?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: மகள், அம்மா கிளினிக்கை விடவில்லை, கிளினிக்தான் அவரை விட்டது. இதை முதலில் அவரிடம் சொல்லுங்கள். 2020 மார்ச் 20ஆம் திகதி நாடு முழுக்க ஊரடங்கு போட்டார்கள். அவசரமில்லாத ஒப்பரேஷன்களைத் தள்ளிவைத்தது இங்கு மட்டுமல்ல, உலகம் முழுக்க நடந்தது. 2021 ஆகஸ்டில் மறுபடி மூடினார்கள், 2022இல் எரிபொருளும் மருந்தும் தட்டுப்பட்டன. இதில் வெட்கப்பட அம்மாவுக்கு எதுவும் இல்லை.

"அவசரமில்லாதது" என்ற சொல்தான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை. முழங்கால் தேய்மானம் ஆளைக் கொல்லாது, சரி. ஆனால் நோவுக்குப் பயந்து நடை குறையும், நடை குறைய தொடைத் தசை மெலியும், தசை மெலிந்தால் முழுப் பாரமும் மூட்டிலேயே விழுந்து நோவு இன்னும் கூடும். இதற்கிடையில் சீனியும் பிரஷரும் ஏறும், நோவுக்குப் பாமசியில் வாங்கிப் போடும் டைக்ளோபெனாக் குளிசை வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். அம்மாவின் பெயர் கொப்பியில் அப்படியே இருந்திருக்கும், கால் அப்படியே இருந்திராது.

அதனால் கொப்பியையும் பழைய எக்ஸ்ரேயையும் கட்டாயம் கொண்டுபோங்கள், அவர் எப்போதிருந்து காத்திருக்கிறார் என்பதற்கு அதுதான் சாட்சி. ஆனால் புதிதாகப் பரிசோதிப்பார்கள் என்றே நினைத்துப் போங்கள். நின்றபடி எடுக்கும் எக்ஸ்ரே, இரத்தம், ஈசிஜி எல்லாம் திரும்ப எடுக்க வேண்டிவரும். "நோகுது" என்று மட்டும் சொல்லாமல், எத்தனை அடி நடக்கிறார், இரவில் நோவால் எத்தனை தரம் முழிக்கிறார், கழிவறைக்குத் தனியாகப் போகிறாரா என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். யாரை முதலில் எடுப்பது என்று முடிவுசெய்கிறவருக்கு அந்தத் தாள் மிகவும் உதவும். செயற்கை மூட்டு ஆஸ்பத்திரியில் கிடைக்குமா, நீங்கள் வாங்க வேண்டுமா என்பதையும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

திகதி கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டாம். கட்டிலில் காலை நீட்டி, முழங்காலுக்குக் கீழே சுருட்டிய துவாய் ஒன்றை வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்தச் சொல்லுங்கள். ஐந்து எண்ணும்வரை பிடித்து விட வேண்டும். பத்துத் தரம், காலையும் மாலையும். முதல் வாரம் தொடைத் தசை லேசாகத் துடிக்கும், பயப்பட ஒன்றுமில்லை. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் விழும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது, அதனால் இரவுச் சோற்றைக் கொஞ்சம் குறைத்தாலும் பலன் உண்டு. சொத்தைப் பல் இருந்தால் இப்போதே காட்டுங்கள், பல்லில் இருக்கும் கிருமி இரத்தத்தில் கலந்து புது மூட்டுக்குப் போய்ச் சேரலாம். சீனியைக் கட்டுக்குள் கொண்டுவருவதும் இதற்காகத்தான். அப்புறம், நோவுக்கு முழங்காலில் ஸ்டீரொய்ட் ஊசி போட யாராவது சொன்னால், ஒப்பரேஷன் லிஸ்டில் இருப்பதைச் சொல்லிவிடுங்கள். ஊசி போட்டு மூன்று மாதத்துக்குள் மூட்டு மாற்றினால் கிருமித் தொற்று வரும் வாய்ப்பு கூடுகிறது.

வீட்டில் குந்தியிருக்கும் கழிவறைதான் என்றால் கொமோட் கதிரை ஒன்று இப்போதே ஒழுங்குபண்ணுங்கள். தரையில் குந்தித் தேங்காய் திருவுவதை அம்மா இன்றோடு விடட்டும், மேசையில் பூட்டும் திருவலை போதும்.

கேள்வி: போன மாதம் எனக்குக் கொரோனா வந்து சுகமாகிவிட்டது. ஒப்பரேஷனுக்குத் திகதி தந்திருக்கிறார்கள். சொல்லாமல் விடலாமா?
– வாசகர், ஏறாவூர்

பதில்: விடக்கூடாது தம்பி. தொற்று வந்து ஏழு வாரத்துக்குள் செய்த ஒப்பரேஷன்களில் ஆபத்துக் கூடுதலாக இருந்தது என்று, 116 நாடுகளில் 1,40,000க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பார்த்த ஆய்வு ஒன்று 2021இல் சொன்னது. தடுப்பூசி பரவிய பிறகு எல்லோருக்கும் அந்தக் கணக்கை அப்படியே போடுவதில்லை, ஆளுக்கு ஆள் பார்த்து முடிவெடுக்கிறார்கள். மயக்க மருந்து கொடுக்கும் டொக்டரிடம் எந்தத் திகதி காய்ச்சல் வந்தது, இப்போது படியேறினால் மூச்சு வாங்குகிறதா என்று சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு 41 வயது, ருமட்டொயிட் மூட்டுவாதம். கொரோனா நேரத்தில் கிளினிக் விட்டுப்போனதிலிருந்து பாமசியில் பிரெட்னிசொலோன் வாங்கிப் போடுகிறேன். பழைய மெத்தோட்ரெக்ஸேட் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதைத் திரும்பத் தொடங்கட்டுமா?
– வாசகி, அக்கரைப்பற்று

பதில்: தங்கச்சி, தயவுசெய்து அந்தப் பழைய பெட்டியைத் திறக்க வேண்டாம். மெத்தோட்ரெக்ஸேட் மூட்டுவாதத்தை அடக்க, கிழமைக்கு ஒருநாள் மட்டும் போடும் குளிசை. தவறுதலாகத் தினமும் போட்டு இரத்த அணுக்கள் விழுந்து உயிருக்கே ஆபத்தானவர்கள் இருக்கிறார்கள். இரத்தமும் ஈரலும் சிறுநீரகமும் சோதித்த பிறகே டொக்டர் அதைத் தொடங்குவார், கூடவே போலிக் அசிட் என்ற விற்றமின் குளிசையும் தருவார். கர்ப்பம் தரிக்கும் எண்ணம் இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள், அப்போது இந்த மருந்து கூடவே கூடாது.

பிரெட்னிசொலோன் நோவையும் வீக்கத்தையும் அமத்தும், அதனால் மூட்டு சுகமாகிறது என்று தோன்றும். அதை மட்டும் நம்பியிருந்தால் உள்ளே எலும்பு அரிபடுவது நிற்காது. அதற்காக நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள்! மாதக்கணக்கில் போட்டதைத் திடீரென்று விட்டால் உடம்பு சோர்ந்து விழும், டொக்டர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். காலையில் விரல் மடங்க எவ்வளவு நேரம் எடுக்கிறது, போத்தல் மூடி திறக்க முடிகிறதா என்று ஒரு வாரம் குறித்துக்கொண்டு, போட்ட எல்லாக் குளிசை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். வெறும் அட்டையானாலும் எறியாதீர்கள், பெயரும் அளவும் அதில்தான் இருக்கிறது.