மூலம் எங்கே இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

வேதாரண்யம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை நான். மாலையில் பிள்ளைகளுக்கு வானம் காட்ட ஆரம்பித்திருக்கிறேன். முதல் நாளே எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "நான் மூலம் டீச்சர். மாமனாருக்கு ஆகாதாமே, நிஜமா?" என்றாள். மழுப்பிவிட்டேன். ஜோதிடத்தைத் தொடாமல் வானத்தைச் சொல்லிக்கொடுக்க முடியாதா?

அன்புள்ள ஆசிரியைக்கு,

முடியாது. நம் பிள்ளைகளுக்கு நட்சத்திரப் பெயர்கள் ஜாதகக் கட்டம் வழியாகத்தான் வந்து சேர்கின்றன. அங்கிருந்தே தொடங்குங்கள்.

அந்தப் பெண்ணுக்கு மூலத்தைக் காட்டுங்கள். ஆடி, ஆவணியில் இருட்டியதும் தெற்கே விருச்சிகம் தேள் மாதிரியே தெரியும். நடுவில் சிவப்பாகக் கேட்டை; வால் நுனியில் சுருண்டிருப்பவைதான் மூலம். அந்த ஒளி இங்கே வந்து சேரப் பல நூறு ஆண்டுகள் ஆகின்றன. நிலா 27 நாள் சொச்சத்தில் வானத்தைச் சுற்றிவரும்போது ஏறக்குறைய ஒரு நாள் அந்தப் பக்கம் இருக்கிறது. அன்று பிறந்த எல்லோரும் மூலம்தான், சுமாராக 27 பேரில் ஒருவர். அத்தனை பேருக்கும் ஒரே விதி எப்படி அமையும் என்று வகுப்பு யோசிக்கட்டும். அவளுக்கான பதிலை மட்டும் யோசனைக்கு விடாதீர்கள். "நிஜமில்லை, உன்னால் யாருக்கும் கெடுதல் வராது" என்று நேராகச் சொல்லுங்கள். தன்னை ஓர் ஆபத்தாக நினைத்துக்கொண்டு ஒரு பெண் வளரக்கூடாது.

பெரிய பிள்ளைகளுக்குத் திருநள்ளாறு இருக்கிறது. சனி கும்பத்துக்குப் பெயர்ந்தது, இன்றைய வானியல் கணக்கை ஒட்டிய திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2023 ஜனவரியில். பழைய சூத்திரங்களை வைத்துக் கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கப்படி கோவிலில் கொண்டாடியது அதே ஆண்டு டிசம்பர் 20. பதினோரு மாத வித்தியாசம், ஆனால் வானத்தில் ஒரே சனிதான். அது எந்த நட்சத்திரங்களுக்கு நடுவே நிற்கிறது என்று பிள்ளைகளே பார்த்து மாதாமாதம் நோட்டில் குறிக்கட்டும். வெறுங்கண்ணே போதும். யாருடைய பக்தியையும் குறை சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம், வானத்துக்கும் நமக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியனும் நிலாவும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் ஓதம், அதாவது கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம், கூடுகிறது. வெயிலில் நிலம் காய்ந்தால்தான் பருவக்காற்று வருகிறது. அது குடகில் பெய்தால்தான் மேட்டூரில் தண்ணீர், நமக்குக் குறுவை. உங்கள் வகுப்பில் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள். ஓதத்தைப் பற்றிய பாடத்தை அவர்களையே எடுக்கச் சொல்லுங்கள்.