மேக்கப்பை விட்டால் முகம் களையிழந்து தெரிகிறதே, டாக்டர்?

கேள்வி: எனக்கு 29 வயது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தினமும் ஃபவுண்டேஷன் போட்டுத்தான் வெளியே போகிறேன். ஒரு வருடமாக வைட்டமின் சி சீரம், கிளைகாலிக் அமில டோனர், இரவில் ரெட்டினால், வாரம் இரண்டு முறை ஸ்க்ரப் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து, இப்போது மொத்தம் 9 பொருட்கள் ஆகிவிட்டன. நெற்றியிலும் கன்னத்திலும் மணல் ஒட்டியது போலச் சின்னச் சின்னப் பொரிகள். சில வாரங்களாக முகத்தில் தண்ணீர் பட்டாலே எரிகிறது. எல்லாவற்றையும் விட்டு இயல்பான முகத்தோடு இருப்போம் என்று மேக்கப்பை நிறுத்தினேன். நான்காம் நாள் அலுவலகத்தில் இரண்டு பேர் "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டார்கள். மூக்கில் கறுப்புப் புள்ளிகள், திட்டுத் திட்டான நிறம். பயந்துபோய் மறுபடியும் போட ஆரம்பித்துவிட்டேன். என் சருமம் மேக்கப்புக்குப் பழகிவிட்டதா? இனி அது இல்லாமல் இருக்கவே முடியாதா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

தாராளமாக இருக்கலாம். ஃபவுண்டேஷனுக்குச் சருமம் பழகுவதில்லை. பழகியது உங்கள் கண்ணும், தினமும் உங்களைப் பார்ப்பவர்களின் கண்ணும்தான். எல்லோருக்கும் கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் கொஞ்சம் கருமை இருக்கும், மூக்கின் பக்கங்களில் லேசான சிவப்பு இருக்கும். இத்தனை வருடம் அவை ஒரே நிறத்துக்குள் மறைந்திருந்தன. திடீரென்று வெளியே தெரிந்ததும் பார்த்தவர்களுக்கு நோய் மாதிரித் தோன்றிவிட்டது. அவர்கள் கேட்டது அக்கறையில்தான். ஆனால் அதை மருத்துவக் கருத்தாக எடுத்துக்கொண்டு மனம் நோக வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது நிறமோ புள்ளியோ இல்லை, தண்ணீர் பட்டாலே எரிகிறது என்ற அந்த ஒரு வரிதான். சருமத்தின் மேலடுக்கு சுமார் 15 முதல் 20 வரிசை இறந்த செல்களால் ஆனது. அத்தனையும் சேர்ந்தும் சாதாரணக் காகிதத்தை விட மெல்லியது. செங்கல்லுக்கு நடுவே சாந்து போல, அந்தச் செல்களுக்கு இடையே செராமைடு, கொலஸ்ட்ரால் போன்ற கொழுப்புகள் இருக்கின்றன. உள்ளே இருக்கும் நீர் வெளியேறாமலும், வெளியே இருப்பவை உள்ளே இறங்காமலும் காப்பது அந்தச் சாந்துதான். கிளைகாலிக் அமிலம் செல்களின் பிடிப்பைத் தளர்த்துகிறது. ரெட்டினால் அவை உதிர்ந்து புதுப்பிக்கப்படும் வேகத்தைக் கூட்டுகிறது. ஸ்க்ரப் மிச்சம் இருப்பதையும் தேய்த்து எடுத்துவிடுகிறது. ஒவ்வொன்றும் தனியாக, அளவாக இருந்தால் பயன் உண்டுதான். ஆனால் எல்லாம் ஒரே முகத்தில், ஒரே வாரத்தில் என்றால் எந்தச் சருமமும் தாங்காது.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். முகம் கழுவி அரை மணி நேரம் எதுவும் பூசாமல் இருங்கள். பிறகு வெளிச்சத்தில் நின்று, கன்னத்தை இரண்டு விரல்களுக்கு இடையே மெதுவாகக் குவியுங்கள். டிஷ்யூ பேப்பரைக் கசக்கியது போல மெல்லிய கோடுகள் நிறையத் தெரிந்தால், மேலடுக்கு வறண்டு புண்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். இதோடு ஒரு பளபளப்பும் இருக்கும். என்னிடம் வருகிறவர்கள் பலர் அதைப் பொலிவு என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் அமிலம் பூசிக்கொண்டு வருகிறார்கள். பார்க்கவே மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

அடுத்து அந்தப் பொரிகள். மேக்கப் பொருட்களால் வரும் இந்த வகைப் பருவை ஆல்பர்ட் கிளிக்மேன், ஓட்டோ மில்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1972-லேயே விவரித்திருக்கிறார்கள். மயிர்க்கால் வாய் மெல்ல மெல்ல அடைத்துக்கொண்டு பொரியாக எழும்பும். அடைக்க மாதங்கள் ஆனது போலவே திறக்கவும் காலம் எடுக்கும். இளம் வயதில் மேல்தோல் புதுப்பித்துக்கொள்ளவே ஏறக்குறைய 4 வாரம் வேண்டும். நீங்கள் கொடுத்தது 4 நாள்! அதற்குள் எதையும் முடிவு செய்ய முடியாது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: பொரிகள் எல்லாம் ஒரே அளவில் இருந்து அரிப்பும் இருந்தால், அது பூஞ்சையால் வந்ததாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு.

மூக்கில் இருக்கும் புள்ளிகளைத் தயவுசெய்து பிதுக்காதீர்கள். பிதுக்கினால் மெல்லிய வெளிர்நிற நூல் போல ஒன்று வருகிறதா? அப்படியானால் அது அழுக்கும் இல்லை, கரும்பருவும் இல்லை. எண்ணெய்ச் சுரப்பியிலிருந்து எண்ணெய் மேலே வரும் வழி அது, எல்லோர் மூக்கிலும் உண்டு. எடுத்தாலும் சில வாரங்களில் மறுபடி நிரம்பிவிடும். துவாரங்கள் வெந்நீரில் திறக்கும், குளிர்ந்த நீரில் மூடும் என்பதும் உண்மை இல்லை. திறந்து மூட அங்கே தசையே கிடையாது. பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியைக் கொஞ்ச நாள் எடுத்து வைத்துவிடுங்கள். ஒரு கை தூரத்தில் தெரியும் முகம்தான் மற்றவர்கள் பார்க்கும் முகம்.

சரி, என்ன செய்யலாம்? அடுத்த 4 வாரத்துக்கு வைட்டமின் சி, டோனர், ரெட்டினால், ஸ்க்ரப் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். காலையில் வெறும் தண்ணீரில் முகம் கழுவினால் போதும். இரவில் ஒரு முறை மட்டும் வாசனை சேர்க்காத, நுரை குறைந்த கிளென்சர். சாதாரண சோப்பு வேண்டாம். அதன் பிஎச், அதாவது அமில-காரத் தன்மையின் அளவு, 9, 10 வரை போகும், சருமத்தின் இயல்பு 5-ஐ ஒட்டியது. துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் முழுதும் காயும் முன்னால் கிளிசரினோ செராமைடோ உள்ள வாசனையில்லாத மாய்ஸ்சரைசரைப் பூசுங்கள். அதுவும் எரிந்தால் சில நாட்களுக்கு வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லியை மிக மெல்லிசாக எரியும் இடத்தில் மட்டும் தடவலாம். பொரிகள் மேல் வேண்டாம்.

பகலில் எஸ்.பி.எஃப் 30 அல்லது அதற்கு மேல் உள்ள சன்ஸ்கிரீன் கட்டாயம். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து, ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாக ஒவ்வொரு கோடு பிதுக்கினால் வரும் அளவு தேவை. பலர் இதில் பாதிகூடப் பூசுவதில்லை. ஃபவுண்டேஷனிலேயே எஸ்.பி.எஃப் இருக்கிறதே என்பார்கள், ஆனால் அதை இவ்வளவு கனமாக யாரும் பூச மாட்டார்கள். வெயிலில் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி பூசுங்கள்.

திட்டுத் திட்டான நிறத்துக்கு நிறம் கலந்த சன்ஸ்கிரீன் நல்ல வழி. அதில் உள்ள இரும்பு ஆக்சைடு, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஓரளவு தடுக்கும். மாநிறத்திலும் கறுத்த சருமத்திலும் திட்டுகளை அடர்த்தியாக்குவதில் அந்த ஒளிக்கும் பங்கு உண்டு. மறைக்க வேண்டும் என்று தோன்றும் இடங்கள் இதிலேயே பாதி மறைந்துவிடும். அதற்கு மேல் ஒரு பருவின் மீது கொஞ்சம் கன்சீலர், கண் மை, உதட்டுச் சாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. மேக்கப் ஒரு ஆசை, அதில் தப்பே இல்லை. எரிகிற சருமத்தை மூடி வைப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். மஸ்காரா மட்டும் திறந்து 3 மாதத்துக்கு மேல் வேண்டாம், கண்ணில் தொற்று வரலாம்.

எரிச்சல் முழுதும் அடங்கிய பிறகு, பொரிகள் மிச்சம் இருந்தால் அடாபலீன் போன்ற, பருவுக்குப் பூசும் ஒரே ஒரு மருந்தை வாரம் 2 இரவு என்று தொடங்கலாம். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். கருவுற்றிருந்தாலோ அதற்கு முயன்றுகொண்டிருந்தாலோ அடாபலீன், ரெட்டினால் இரண்டுமே கூடாது. ஸ்க்ரப் பக்கம் மட்டும் திரும்பிப் போகவே வேண்டாம்.

நீங்கள் எழுதவில்லை என்றாலும் கேட்டுவிடுகிறேன்: அந்த 9-ல் உட்பொருள் பட்டியல் இல்லாத வெண்மை கிரீம் ஏதாவது இருக்கிறதா? அப்படிப்பட்டவற்றில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டோ பாதரசமோ கலந்திருக்கலாம். பூசும்போது முகம் தெளிந்து, விட்ட சில நாட்களில் சிவந்து எரிந்தால் ஸ்டீராய்டு என்று சந்தேகிக்க வேண்டும். அப்படி இருந்தால் மேலே சொன்னதைத் தொடங்கும் முன் சரும மருத்துவரிடம் போங்கள்.

மாதவிடாய் ஒழுங்கில்லாமல் தாடையில் முடி வளர்ந்தாலும், வலியுள்ள பெரிய பருக்கள் வந்தாலும், வெயில் பட்டால் இரு கன்னத்திலும் மூக்கிலும் சேர்ந்து சிவந்தாலும் காத்திருக்க வேண்டாம். இவை எதுவும் இல்லையென்றால் 4 வாரம் பொறுத்துப் பாருங்கள். அப்போதும் எரிச்சல் குறையாவிட்டால் சரும மருத்துவரை நேரில் பாருங்கள். போகும்போது அந்த 9 பொருட்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள், காலி டப்பாவாக இருந்தாலும் பரவாயில்லை. ஒவ்வாமைப் பரிசோதனை தேவையா, எதற்குத் தேவை என்று அந்த லேபிள்களைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.