பாலிக் புலாவ் மலைப்பாதை: ஏற்றத்துக்கு அல்ல, இறக்கத்துக்குத் தயாராகுங்கள்

கேள்வி: பினாங்கில் ஆயர் ஈத்தாம் அணையிலிருந்து மலைவழியாகப் பாலிக் புலாவ் வரை மவுண்டன் சைக்கிளில் போக நண்பர்களுடன் திட்டமிட்டிருக்கிறேன். என் சைக்கிள் வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஏற்றத்தைச் சமாளிக்க எடை குறைந்த சக்கரங்கள் போடலாமா?
- பட்டர்வொர்த் வாசகர்

பதில்: வேண்டாம், தம்பி. அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கை எடுத்து முதலில் பிரேக் பேடுகளைக் கவனியுங்கள்.

கெக் லோக் சி கோயிலைத் தாண்டி அணைக்கு ஏறும் வளைவுகளில் தொடை கடுக்கும், உண்மைதான். முடியாவிட்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம்; அதில் ஒரு குறைச்சலும் இல்லை. இறக்கத்தில் பிரேக் கைவிட்டால் அப்படி ஒரு மாற்றுவழி கிடையாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளும் சைக்கிளுமாக 90 கிலோ. 250 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல், ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்கப் போதும். காற்றும் டயரும் எடுத்துக்கொண்டதுபோக, மிச்சம் முழுவதையும், சக்கரங்களோடு சுழலும், பிரேக் பேடுகள் கவ்விப் பிடிக்கும் இரண்டு மெல்லிய உலோகத் தட்டுகளே (டிஸ்குகள்) தாங்க வேண்டும். வழிநெடுக பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே வந்தால் சூடு ஆற நேரமிருக்காது. பேடின் மேற்பரப்பு கண்ணாடிபோல் பளபளப்பேறிப் பிடிப்பை இழந்துவிடும். வளைவுக்கு முன்பே, நேர்ப்பாதையில் அழுத்திப் பிடியுங்கள். வேகம் குறைந்ததும் முழுவதுமாக விட்டுவிடுங்கள். இருக்கையைத் தாழ்த்தி, உடம்பைப் பின்னுக்கு வையுங்கள்.

பேடின் தேய்மானப் பகுதி ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே வந்துவிட்டால் யோசிக்காமல் மாற்றுங்கள். மழைக்கும் சூட்டுக்கும் உலோகக் கலவைப் பேட் நன்றாகத் தாங்கும். ஆனால் டிஸ்கில் 'ரெசின் (பிசின் கலவை) பேட் மட்டும்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் பொறித்திருந்தால் உலோகக் கலவைப் பேடைப் போடக்கூடாது. புதுப் பேடை மாட்டிய கையோடு மலைக்குப் போகாதீர்கள். சமதரையில் வேகமெடுத்து, சைக்கிள் நிற்கப்போகும் நேரத்தில் பிரேக்கை விட்டுவிட வேண்டும். இப்படி ஓர் இருபது முறை செய்தால்தான் பேடும் டிஸ்கும் ஒன்றுக்கொன்று பழகும்.

டுரியான் தோட்டங்களின் நிழலில் பாதை பாசியும் ஈர இலையுமாக இருந்தால் முன் பிரேக்கைத் தொடாதீர்கள், சைக்கிளைச் சாய்க்காதீர்கள். பழக்காலத்தில் சுமை ஏற்றிய வண்டிகள் எதிரே வரும்; பாதை குறுகல், ஒதுங்கி நின்று வழிவிடுங்கள். பிற்பகல் இடிமழைக்கு முன் இறங்கிவிடும்படி விடிந்ததும் கிளம்புவது நல்லது.

பாலிக் புலாவில் லக்சா நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டுத் துன் சார்டோன் சாலை வழியாகத் திரும்பினால் இன்னோர் ஏற்றம் காத்திருக்கிறது. அங்கே கார்களும் அதிகம். ஆகவே காலில் கொஞ்சம் வலுவை மிச்சம் வையுங்கள். பகலானாலும் பின்விளக்கைப் போட்டுக்கொண்டே ஓட்டுங்கள்.