ரேஸ் எஞ்சினியர் ஆசை, அப்பாவுக்குச் சம்மதமில்லை

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ரேஸ் எஞ்சினியர் ஆக ஆசை. கடன் வாங்கியாவது இங்கிலாந்து போய் மோட்டார்ஸ்போர்ட் மாஸ்டர்ஸ் படிக்கலாமா? அப்பாவோ, "பெண்பிள்ளைக்கு ரேஸ் எதற்கு, பிராஸ்பெக்டன் டொயோட்டா ஆலையில் வேலை தேடு" என்கிறார். - சாட்ஸ்வொர்த் வாசகி

பதில்: தங்கச்சி, ஆசையை விடாதே, கடனை மட்டும் இப்போதைக்குத் தள்ளிப் போடு.

ரேஸ் எஞ்சினியர் என்பவர் காரை வடிவமைப்பவர் இல்லை. ஓட்டுநர் பிட்டுக்குள் (பந்தயத் தடத்தை ஒட்டி காரைச் சரிபார்க்கும் இடம்) வந்து "வளைவில் முன்பக்கம் தரையைப் பிடிக்கவில்லை" என்றதும், கோளாறு டயர் பிரஷரிலா, வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் ஆன்டி ரோல் பாரிலா, இல்லை அவரே வேகம் குறைக்காமல் வளைவுக்குள் நுழைந்தாரா என்று டேட்டாவைப் பார்த்து, கார் மறுபடி வெளியே போவதற்குள் முடிவெடுப்பவர். இது பிட்டில் நின்றால்தான் வரும். நம் நாடே இதற்கு நல்ல பள்ளிக்கூடம். ஜோகன்னஸ்பர்க் பக்கம் உள்ள கயாலமி பந்தயத் தடம் சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்று லேசு, அதனால் டர்போ இல்லாத எஞ்சினுக்குப் பலம் குறையும், விங் காரைத் தரையோடு அழுத்துவதும் குறையும். கேப்டவுன் கில்லார்னி தடத்தில் சரியாக இருந்த செட்டப்பை அப்படியே அங்கே கொண்டுபோக முடியாது. ஏன் மாற்றினாய், எவ்வளவு மாற்றினாய் என்று நீ சொல்ல முடிந்தால் எந்த டீமும் காது கொடுத்துக் கேட்கும்.

அதனால் லீவு நாளில் உள்ளூர் பந்தயங்களுக்குப் போ, சின்ன டீம் ஒன்றிடம் டயர் பிரஷரும் சூடும் குறித்துத் தருகிறேன் என்று கேள். முதலில் சம்பளம் கிடைப்பது கஷ்டம்தான். மோடெக் ஐ2 என்ற, ரேஸ் கார் டேட்டாவை அலசும் மென்பொருள் இலவசம், இன்றைக்கே இறக்கிப் பழகு.

அப்புறம் அப்பா. அவர் சொல்லும் ஆலை வேலையை நான் மறுக்கவில்லை, கிடைத்தால் சேர்ந்துகொள், வார இறுதி உன்னுடையதுதானே. 2019-ல் டாக்கர் ராலி என்ற நெடுந்தூரப் பாலைவனப் பந்தயத்தில் ஜெயித்த டொயோட்டா ஹைலக்ஸ் நம் நாட்டில் கட்டிய வண்டி என்று அவரிடம் சொல். டர்பனில் பிறந்து, இங்கேயே படித்து, தானே கட்டிய காரில் பந்தயம் ஓட்டிய கோர்டன் மரே 1969-ல் இங்கிலாந்து போய் பிரபாம் என்ற ஃபார்முலா 1 டீமில் சேர்ந்த கதையையும் சொல். பெண்பிள்ளைக்கு எதற்கு என்றால், 2025-ல் ஹாஸ் ஃபார்முலா 1 டீமில் ஓட்டுநர் எஸ்டபான் ஒகோனின் ரேஸ் எஞ்சினியர் ஆனவர் லாரா முல்லர் என்ற பெண்.

இரண்டு சீசன் இப்படி வேலை பார்த்த பிறகு இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்ட் புரூக்ஸ், கிரான்ஃபீல்ட் பல்கலைக்கழகங்கள் இரண்டுக்கும் விண்ணப்பம் போடு. உதவித்தொகை கிடைக்குமா என்று முதலில் கேள், வங்கிக்கு அப்புறம் போகலாம்.